அந்த ஓர் அறையை டைமரிலிருந்து விடுவியுங்கள்

கட்டட நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

தீபாவளி விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஆய்வுக்கூட அறையைத் திறந்தேன். வெள்ளி மாலை கன்னங்கரேலென்று அடுக்கி வைத்த 36 கண்ணாடித் துண்டுகளில் பாதி, மஞ்சள் பூசியதுபோல் கிடந்தன. மற்ற பாதியும் ஓரங்களில் வெளுத்திருந்தது. ஈரப்பதமானியில் 84 சதவீதம். விடுமுறையில் டைமர் ஏர்கானை நிறுத்தியிருந்தது.

மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பின்னணி உங்களுக்குத் தெரியும். அந்தத் துண்டுகளின் மேல் இருப்பது ஒளியை மின்சாரமாக்கும் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் படலம். அதற்குள் ஈரம் புகுந்தால் அதிலுள்ள மெத்தில் அம்மோனியம் கழன்றுபோய், மஞ்சள் நிற ஈய அயோடைடுதான் மிஞ்சும். 2009இல் ஜப்பானில் 3.8 சதவீதத் திறனோடு தொடங்கிய இந்தச் சூரிய மின்கலம் இன்று 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கூரைகளுக்கு அது வந்துசேராததற்கு ஈரம் ஒரு முக்கியக் காரணம்.

அதைத் தடுக்கத்தான் பாதித் துண்டுகளின் மேல் ஃபினெதில் அம்மோனியம் அயோடைடு என்ற உப்பை ஐசோப்ரொப்பனால் என்ற ஆல்கஹாலில் கரைத்துச் சுழற்றிப் பூசியிருந்தேன். அந்த மூலக்கூறின் தலை படலத்தின் மேற்பரப்பிலுள்ள ஓட்டைகளில் போய் உட்காரும். வால் வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரை அண்டவிடாது. பூசியது, பூசாதது இரண்டையும் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்து, எது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பதே சோதனை. மூன்று நாளில் ஈரம் எப்போது, எவ்வளவு ஏறியது என்றே தெரியாதபோது நான் எதை எதோடு ஒப்பிடுவது? ஆறு வார உழைப்பு அது.

விடுமுறையில் ஏர்கானை நிறுத்துவது மின்சாரச் சிக்கனத்துக்காக என்கிறீர்கள். சிக்கனம் எனக்கும் வேண்டும். சூரிய மின்சாரத்துக்காகத்தானே இந்தப் பாடு. ஆனால் அதே சனிக்கிழமை, ஆளே இல்லாத வரவேற்புக்கூடத்தில் ஏர்கான் ஓடிக்கொண்டிருந்ததாகக் காவலாளி அண்ணன் சொன்னார். ஆய்வுக்கூடம் என்றால் மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? பழுதென்று சொன்னால் ஒரு படிவம், படிவத்துக்கு இன்னொரு படிவம்.

மன்னிக்கவும், நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஏர்கான்கூட வேண்டாம். எங்களிடம் உள்ள, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிறிய டிஹ்யூமிடிஃபயர் ஒன்றே அந்த அறைக்குப் போதும். அதன் பிளக்கும் அதே டைமரில் இருப்பதுதான் சிக்கல். அந்த ஓர் அறையை மட்டும் டைமரிலிருந்து விடுவியுங்கள். வாரம் ஏழு நாளும், இரவிலும் அங்கே மின்சாரம் இருக்கட்டும்.

தயவுசெய்து வரும் வெள்ளிக்கிழமைக்குள் செய்து கொடுங்கள். அன்று மாலை அடுத்த 36 துண்டுகளை அங்கேதான் வைக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி