கழன்று வரவேண்டிய கை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. இறுதியாண்டுப் பிள்ளைகள் நான்கு பேரை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதும், முழங்கைக்குக் கீழே கை இல்லாத மலைச் சைக்கிள் வீரர் ஒருவருக்கு ஹேண்டில்பார் பிடிப்பான் செய்யப்போகிறார்கள் என்பதும் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. கூடவே கொஞ்சம் கவலை. நீ அனுப்பிய வரைபடத்தில் ‘பிடி வலிமை’ என்று கொட்டை எழுத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. எப்படி விடும் என்று ஒரு வரிகூட இல்லையே.

விழும்போது ஹேண்டிலை விட்டுவிட்டுக் கையை ஊன்றுவதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பிடிப்பானுக்கு அந்தப் புத்தி கிடையாது. அது விடாவிட்டால் முழுச் சைக்கிளும் கையோடு சேர்ந்து உருளும். சாக்கெட்டாவது, அதாவது மீதிக் கையில் மாட்டும் செயற்கைக் கையின் கூடாவது, கழன்று காப்பாற்றும் என்று நம்பாதே. சாக்கெட்டுக்குள் தோல்மேல் போடும் மெத்தென்ற உறைதான் லைனர். அது ஊசிப் பூட்டு (pin lock) வைத்தது என்றால் சாக்கெட் அசையாது. முறுக்கு மொத்தமும் முழங்கையிலும் தோளிலும்தான் இறங்கும்.

ஆனால் மேடு ஏறும்போது அவர் எழுந்து நின்று ஹேண்டிலை மேல்நோக்கி இழுப்பார். அப்போது கழன்றால் அதுவே விழுவதற்குக் காரணமாகிவிடும். பிள்ளைகள் பெரும்பாலும் இங்கே இரண்டுக்கும் நடுவாக ஒரு விசையை வைப்பார்கள். ஏறும்போதும் கழலும், விழும்போதும் கழலாது. விசையால் பிரிக்காமல் கோணத்தால் பிரிக்கச் சொல்.

நான் சொல்வது இதுதான். ஹேண்டில்பாரைக் கவ்வுகிற ‘C’ வடிவக் கவ்வி ஒன்று. அதன் முதுகில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் உருண்டை மூட்டு, உருண்டையிலிருந்து ஒரு கழுத்து சாக்கெட்டின் மணிக்கட்டு வரை. நேராக இழுத்தால் கவ்வியின் முழு நீளமும் ஒரே நேரத்தில் வாய் பிளக்க வேண்டும், அதனால் நன்றாகப் பிடிக்கும். கை சாயும்போது உருண்டை திரும்பிக்கொள்ளும், கவ்விக்கு எதுவும் தெரியாது. ஓட்டும்போது வராத கோணத்துக்குக் கை போனால் மட்டும் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டும். அந்த நொடியில் முன்கை முழுதும் நெம்புகோலாகி, கவ்வியை ஒரு ஓரத்திலிருந்து உரித்து எடுத்துவிடும். ஒட்டிய நாடாவை நேராகப் பிய்ப்பதற்கும் ஓரத்தைப் பிடித்து உரிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

முட்டுகிற கோணம் எவ்வளவு? மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வீடியோ எடுத்து, அவர் ஓட்டும்போது கை எவ்வளவு சாய்கிறது என்று அளந்து, அதற்கு மேல் 10 டிகிரி கொடுக்கச் சொல். வேகமாகப் போகும்போது மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். வேகத்தில் ஹேண்டில் சில டிகிரிதான் திரும்பும். பெரிய கோணமெல்லாம் ஆள் நடக்கிற வேகத்தில் வட்டமடிக்கும்போதுதான். அங்கே எடுக்காத அளவால் செய்த பிடிப்பான், முதல் திருப்பத்திலேயே கழன்று விழும். இன்னொன்று: ரெடிமேடாகக் கிடைக்கும் ராட் எண்ட் பேரிங்கை (தண்டின் முனையில் வளையத்துக்குள் உருண்டை வைத்த மூட்டு) வாங்கிப் போடுவார்கள். சாதாரண ராட் எண்ட் பக்கவாட்டில் சுமார் 13 டிகிரிதான் சாயும். போதாது. திறந்த கிண்ணத்தில் உட்காரும் உருண்டைதான் வேண்டும்.

கவ்வியைப் பற்றி. மலைச் சைக்கிள் பார் கைப்பிடி இடத்தில் 22.2 மி.மீ.; உள் விட்டம் 22.5 வைத்து, சுற்றளவில் 210 முதல் 220 டிகிரி வரை கவ்வட்டும், நீளம் 40 மி.மீ. இதிலிருந்து தொடங்கலாம். சுவர்த் தடிமனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டவிடாதே. விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏறும். 3 மி.மீ.யை 4 ஆக்கினால் விறைப்பு கிட்டத்தட்ட 2.4 மடங்கு. ஆகவே மாற்றம் 0.2 மி.மீ. படிகளில் இருக்கட்டும்.

3டி பிரிண்ட் எடுக்கும்போது ‘C’ முகம் தட்டில் படுத்திருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்து எடுத்தால் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிளந்துகொள்ளும், அதுவும் வாய் திறக்கும் நேரம் பார்த்து. மாதிரிக்கு பி.எல்.ஏ. என்ற சாதாரண பிரிண்டர் பிளாஸ்டிக் பரவாயில்லை, ஓட்டிப் பார்க்க வேண்டாம். 60 டிகிரி வெப்பத்துக்குள் இளகிவிடும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தாலே வாய் அகன்றுபோகும். வடிவம் முடிவானதும் அசிட்டால் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கட்டையில் கடைந்துகொள்ளுங்கள். எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் பாரில் மாட்டியபடியே நாள்கணக்கில் விட்டால் பிடி தளரும். சைக்கிளை நிறுத்தியதும் கழற்றி வைப்பது பழக்கமாக வேண்டும். கவ்வி பக்கவாட்டில் நகராதிருக்க இருபுறமும் ஒவ்வொரு வளையம், 1 மி.மீ. இடைவெளியோடு.

சாக்கெட்டின் மணிக்கட்டில் பிடிப்பானைத் திருகும் மரையின் அளவை இப்போதே கேட்டு வாங்கிவிடு. அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி என்பதுதான் அதிகம், எம்12, அதாவது 12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. புரியிடை உள்ளதும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று போய்ச் சிக்கி மரையைத் தின்றுவிடும். அவர் தினமும் போடும் சாக்கெட்டில் பிள்ளைகள் துளை போடவே கூடாது. அது செயற்கை உறுப்பு செய்து பொருத்தும் ப்ராஸ்தெட்டிஸ்ட் வேலை.

பிரேக் இரண்டும் ஒரே கைக்கு வரும். கேபிள் பிரேக் என்றால் ஒரு லீவரில் இரண்டு கேபிள் இழுக்கும் வகை இருக்கிறது, பின்சக்கரம் கொஞ்சம் முந்திப் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். கை விசை இரண்டாகப் பிரிவதால் கேபிள் உறைகள் சுத்தமாக இருக்க வேண்டும். ஹைட்ராலிக்கில் ஒரு லீவரிலிருந்து குழாயைப் பிரித்து இரண்டு காலிப்பருக்கும் (சக்கரத்தட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம்) கொடுக்கப் பார்ப்பார்கள். விடாதே. ஒரு காலிப்பருக்கு அளந்த எண்ணெயை இரண்டுக்குக் கொடுத்தால் லீவர் பாரைத் தொட்டும் பிரேக் பிடிக்காது.

சோதனைக்கு வீரரைக் கூப்பிடுமுன் முன்கை நீளத்துக்கு ஒரு பி.வி.சி. குழாயில் மணல் நிரப்பிப் பிடிப்பானை அதில் மாட்டுங்கள். உச்ச அளவைக் காட்டி நிற்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். நேராக இழுத்து 20 முறை, நான்கு பக்கமும் நெம்பி 20 முறை. பிறகு நனைத்து, பிறகு சேறு பூசி. சராசரியைத் தூக்கிப் போடு. நேர் இழுப்பில் ஆகக் குறைந்த அளவு, வீரர் ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளில் இழுத்துக் காட்டும் உச்சத்தைவிட ஒன்றரை மடங்கு இருக்கட்டும். நெம்புவதில் ஆக அதிகமான அளவைப் பார்: நின்ற இடத்தில் முழங்கையை வெளிப்பக்கம் தூக்கி அவரே கழற்றிக்கொள்ள முடிய வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. சேற்றில் இந்த எண் தாறுமாறாக ஏறினால் கிண்ணத்துக்கு அடியில் வடிகால் துளை போடுங்கள்.

முதல் ஓட்டம் 15 நிமிடம், சமதரையில். இறங்கியதும் லைனரைக் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் சிவப்பு மறையாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரே இடத்தில் சிவந்தால் அங்கே அழுத்தம்; வளையமாகச் சிவந்தால் சாக்கெட் கையில் சுழல்கிறது, உருண்டை இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த ஆண்டு ஓட்டக்காரருக்கு பிளேடு, அதாவது வளைந்த கார்பன் இழைச் செயற்கைக் கால், செய்யலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்பா. செயற்கைக் கால்களுக்கான ஐ.எஸ்.ஓ. 10328 சோதனையே 30 லட்சம் முறை சுமை ஏற்றி இறக்குவது. கார்பன் இழை உள்ளுக்குள் அடுக்குப் பிரிந்தது வெளியே தெரியாமல் இருந்து ஒருநாள் பட்டென்று போகும். பிளேடு அடியில் ஒட்டும் சோல் தேய்ந்தால் எளிதில் மாற்றுகிற மாதிரி ஒரு வழி செய்யட்டும், அது மாணவர்களுக்கு அளவான வேலை. நீச்சல் பக்கம் யாராவது கிளம்பினால், பாரா நீச்சல் போட்டியில் செயற்கை உறுப்புக்கு அனுமதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடு. பயிற்சிக்கு மட்டும் என்றால் சரி.

வட்டமடிக்கும் வீடியோவையும் மரை அளவையும் அனுப்பு. கிண்ணத்தின் விளிம்புக் கோணத்தை நானும் ஒருமுறை போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய அறைத் தோழன்