நாலு பிள்ளைகளும் ஒரே மேசையில்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை அத்தையிடம் சொன்னேன், அன்று இரவு குடும்ப ஜெபத்தில் அவரே உன் அம்மா பெயரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். இங்கே எல்லோரும் சுகம். இவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இந்த மாதம் இரவு ஷிஃப்ட், நாங்கள் பசியாறும் நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருகிறார். பெரியவனுக்குக் குரல் உடைந்துவிட்டது, போனில் பேசினால் அவனா அவன் அப்பாவா என்று உனக்கே தெரியாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மகனை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கலாமா என்று நீயும் உன் வீட்டுக்காரரும் யோசிப்பதாக எழுதியிருந்தாய், கூடவே நாலு பிள்ளைக்கு நாலு வகுப்பை ஒருத்தியாக எப்படிச் சமாளிக்கிறாய், காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் என்னதான் செய்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தாய். நாலு வகுப்பு நடத்த யாராலும் முடியாது ஜெயா, நான் நடத்துவதும் இல்லை. பதின்மூன்று வயதுக்காரன், பத்து வயதுக்காரி, ஏழு வயதுக்காரன், மூன்று வயதுக் கடைக்குட்டி, இவர்கள் எல்லோரும் காலையில் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். தனித்தனிப் பாடமெல்லாம் அதற்கப்புறம்தான், அதுவும் கொஞ்ச நேரம். இந்தச் சேர்ந்து படிக்கும் நேரம் நடந்துவிட்டால் அன்றைக்கு மற்றது பாதி நடந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

பசியாறித் தட்டைக் கழுவி வைத்ததும் அத்தை ஒரு கீர்த்தனையை எடுத்துக் கொடுப்பார். கூலிம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், புத்தகம் பார்க்காமல் கடைசிச் சரணம் வரைக்கும் பாடுவார். ஒரு மாதம் முழுக்க ஒரே பாட்டுதான், மாத முடிவில் கடைக்குட்டிக்கும் பல்லவி வந்துவிடும். பிறகு வேதாகமத்திலிருந்து நீதிமொழிகள். மொத்தம் 31 அதிகாரம் என்பதால் தேதிக்கு ஒரு அதிகாரம், 14ஆம் தேதி என்றால் 14ஆம் அதிகாரம், நேற்று எங்கே விட்டோம் என்று யாரும் தேட வேண்டியதில்லை. ஆளுக்கு ரெண்டு வசனம் சுற்றி வரும். ஏழு வயதுக்காரன் இன்னும் விரலை வைத்துத்தான் வாசிக்கிறான், நம் பழைய வேதாகமத் தமிழில் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமாகக் கிடக்குமே, அவற்றைப் பிரித்துப் பிரித்து வாசிப்பதற்குள் மற்றவர்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையும் பாடத்தில் சேர்ந்ததுதான் என்று பெரியவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அதற்கப்புறம் கதை. இப்போது ஆதியாகமத்தில் யோசேப்பு போய்க்கொண்டிருக்கிறது. நான் ஒரு தடவைதான் வாசிப்பேன், பிறகு பிள்ளைகள் தங்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சார்லட் மேசன் என்ற இங்கிலாந்து ஆசிரியை (1842–1923) வற்புறுத்திய முறை இது, வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் பலரும் இதைப் பின்பற்றுகிறார்கள். ரெண்டாவது தடவை வாசிக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் பிள்ளை முதல் தடவையே காதைக் கொடுத்துக் கேட்கும். நான் இதில் ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன், சின்னவன்தான் முதலில் சொல்ல வேண்டும், பெரியவன் கடைசி. பெரியவன் முதலில் சொன்னால் மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றுமே மிஞ்சாது.

போன வாரம் 37ஆம் அதிகாரம். அண்ணன்மார் யோசேப்பைக் குழியில் போடுகிற இடம். சின்னவன் எழுந்து நின்று, "குழியில தண்ணி இல்லையாம்மா, அதனாலதான் அவன் சாகல" என்றான். வசனத்தில் அது ஒரு சின்னத் துண்டு, எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அதில் நின்றதே இல்லை. மகள் முறை வந்தபோது அவள் கோபமாக இருந்தாள். "தம்பியைக் குழிக்குள்ள போட்டுட்டு உடனே சாப்பிட உட்கார்ந்துட்டாங்க, அவங்களுக்கு எப்படித் தொண்டையில இறங்குச்சு?" என்று கேட்டாள். அடுத்த வசனமே அதுதான், அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரியவன் ஒன்றும் பேசாமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தான், கதை முழுவதும் அவனுக்குத் தெரியும். பிறகு 42ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தை எடுத்து வாசித்தான். யோசேப்பு கெஞ்சினான், நாம் கேட்காமல் போனோம் என்று அண்ணன்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற இடம். "அவன் கெஞ்சினது 37ல எழுதல. இவ்வளவு வருஷம் கழிச்சு அண்ணன்மார் வாயிலிருந்துதான் நமக்கே தெரியுது" என்றான். மகள் அவன் கையிலிருந்து வேதாகமத்தை வாங்கி அவளே ஒரு முறை வாசித்துப் பார்த்தாள்.

ஜெயா, இதை நான் தனித்தனியாக நாலு அறையில் நடத்தியிருந்தால் இது நடந்திருக்காது. பெரியவன் கண்டுபிடித்தது தங்கைக்குப் போய்ச் சேர்ந்தது, தங்கையின் கோபம்தான் அவனைத் தேட வைத்தது. வயது வாரியாகப் பிரித்து வைத்தால் பிள்ளைகள் தங்கள் வயதுப் பிள்ளைக்குத் தெரிந்ததைத்தான் கேட்க முடியும். எனக்கு இந்த விஷயத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை.

அதே அதிகாரத்தில் யோசேப்பை வாங்கிப் போன வியாபாரிகள் ஒட்டகத்தில் வாசனைப் பொருள்களும் தைலமும் வெள்ளைப்போளமும் ஏற்றிக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள் அல்லவா, அதிலிருந்து பேச்சு வாசனைப் பொருளுக்குப் போயிற்று. இங்கே அதற்குப் பஞ்சமா? இவர் ஷிஃப்ட் இல்லாத நாளில் பாலிக் பூலாவுக்கு ஓட்டிக்கொண்டு போனார், ஒரு தோட்டக்காரர் ஜாதிக்காய்ப் பழம் சிலதைப் பறித்துக் கொடுத்தார். மேசைமேல் வைத்துப் பிளந்து பார்த்தோம். வெளியே வெளிர்மஞ்சள் சதை, உள்ளே பளபளவென்று கரும்பழுப்புக் கொட்டை, அதன்மேல் ரத்தச் சிவப்பில் வலைபோலப் பின்னிக் கிடக்கிற ஜாதிபத்திரி. மகள் வண்ணம் தீட்டினாள், சின்னவன் பெயர் எழுதினான், பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்று கொண்டு வந்து இந்தத் தீவில் நட்டதைப் பெரியவன் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினான். சதையை அத்தை ஊறுகாய் போட்டுவிட்டார். அறிவியல், வரலாறு, புவியியல் என்று நேர அட்டவணையில் எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது என்று என்னைக் கேட்காதே.

அப்புறம்தான் தனிப் பாடங்கள். கணக்கு ஆளாளுக்கு அவரவர் நிலையில். சின்னவனுக்குக் கால் மணி நேரத்துக்குமேல் கிடையாது, அதற்குமேல் உட்கார வைத்தால் அவன் உடம்புதான் நாற்காலியில் இருக்கும். பெரியவன் அல்ஜீப்ராவைக் கான் அகாடமி காணொளி பார்த்துப் போடுகிறான், மாட்டிக்கொண்டால் அப்பா எழுந்திருக்கும்வரை காத்திருப்பான். வாய்ப்பாட்டை மகள்தான் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தேசிய மொழியான மலாய்க்குக் கல்வி அமைச்சின் பாடநூல்களையே வைத்துக்கொள்கிறோம், மின்னூலாகவும் கிடைக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்க வேண்டும், இவர் தூங்குகிறார் அல்லவா, ஆளுக்கு ஒரு புத்தகத்தோடு மூலையில் ஒதுங்கிவிடுவார்கள்.

வாரத்தில் ஒரு நாள் வெளியே போவோம். பெரும்பாலும் தாவரவியல் பூங்கா, 1884இல் உண்டானது, வாசல் பக்கத்தில் நாகலிங்க மரங்கள் பூத்து நிற்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள கறுப்பு லோத்தோங் குரங்குகள் இறங்கி வரும், அவற்றின் குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். கடைக்குட்டி அதைப் பார்க்கத்தான் வருகிறாள். ஒரு முறை சுல்தான் அகமது ஷா சாலையில் இருக்கிற பழைய புரொட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். கெம்போஜா மரங்களுக்கு அடியில் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டின் கல்லறை இருக்கிறது, அவர் இறந்தது 1794. பிள்ளைகளிடம் நான் காட்ட நினைத்தது அதே தோட்டத்தில் இருக்கும் ஹட்சிங்ஸ் போதகருடையதை. இந்தத் தீவின் ஆங்கிலிக்கன் போதகராக இருந்து 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலை ஆரம்பித்தவர். இந்த நாட்டில் தமிழ் வகுப்பு அந்தப் பள்ளியில்தான் முதலில் நடந்தது, அதை வைத்துத்தானே 2016இல் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு என்று நாடெங்கும் கொண்டாடினோம். மகள் ஹட்சிங்ஸ் இறந்த 1827 என்ற வருஷத்தைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் சுவரில் ஒட்டியிருக்கும் காலக்கோட்டில் சேர்த்தாள்.

இதை எழுதும்போதே உன் ரெண்டாவது கேள்வி நினைவுக்கு வருகிறது, தமிழ்ப்பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையை எடுப்பது சரியா என்று. நீயும் நானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், அந்த ஆசிரியர்கள் இல்லையென்றால் இந்தக் கடிதமே இல்லை. பிள்ளை அங்கே சந்தோஷமாக இருந்தால் எடுக்காதே என்றுதான் சொல்வேன். வீட்டில் படிக்க வைக்கிறவர்கள் எல்லாம் நல்ல கிறிஸ்தவர்கள், பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் குறைந்தவர்கள் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அது தப்பு. உபாகமம் 6இல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் பிள்ளைகளோடு வார்த்தையைப் பேசச் சொல்லியிருக்கிறது, அது பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோருக்கும் சேர்த்துத்தான். நாங்கள் உலகத்துக்குப் பயந்து பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் சூழ்நிலையில், இவர் ஷிஃப்டோடு, அப்பாவைப் பிள்ளைகள் பார்ப்பதற்கே இதுதான் வழியாக இருந்தது.

சட்ட விஷயம். இதில் அலட்சியம் கூடாது. 1996 கல்விச் சட்டத்தில் 2002இல் திருத்தம் வந்து, 2003இலிருந்து தொடக்கக் கல்வி கட்டாயம். பள்ளிக்கு அனுப்பாவிட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். வீட்டில் படிக்க வைப்பதற்கு விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அனுமதி கையில் வரும்வரை பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கட்டும். கல்வி இலாகாவுக்கு நீயே நேரில் போய்க் கேள், வாட்ஸ்அப்பில் வருகிறதை நம்பாதே. தேர்வைப் பற்றி இப்போதே கலங்க வேண்டாம். ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் 2021லேயே போய்விட்டது, மூன்றாம் படிவத்தில் எழுதும் பிடி3 2022இல் போய்விட்டது. ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வைத் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம். அதில் மலாயும் வரலாறும் கட்டாயம் தேற வேண்டியவை, அதனால் அந்த ரெண்டையும் நாங்கள் விடுவதில்லை.

பழக வேறு பிள்ளைகள் வேண்டாமா என்று கேட்டாய். வேண்டும், அது தானாக நடக்காது, நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஞாயிறு பள்ளி இருக்கிறது, சாயந்திரம் எங்கள் தாமான் (குடியிருப்பு) திடலில் பந்து விளையாட மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் வருகிறார்கள், பெரியவனுடைய மலாய் பாடநூலைவிட அங்கேதான் அதிகம் வளர்ந்தது. உனக்கு ஒரே பிள்ளை, ஆகவே இதை என்னைவிட நீ அதிகமாக யோசிக்க வேண்டும். ஒரே பிள்ளையோடு மேசையில் உட்காரும்போது நீயும் கதையைத் திருப்பிச் சொல், உன் அம்மாவையும் உட்கார வை.

எந்தப் பாடத்திட்டம் வாங்கலாம் என்ற பட்டியலை இப்போது அனுப்ப மாட்டேன். பள்ளியிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்ற முடிவையும் தள்ளி வை. இந்த வாரமே, அவன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம் ஆரம்பி. ஒரு பாட்டு, தேதிக்குரிய நீதிமொழிகளில் நாலு வசனம், ஒரு கதை, திருப்பிச் சொல்லுதல். டிவி அணைத்திருக்கட்டும், கைப்பேசி வேறு அறையில். ரெண்டு மாதம் செய்து பார். அவனுக்கும் உங்களுக்கும் அது வேண்டியிருந்தால் அப்புறம் மற்றதைப் பேசலாம். அது போதுமென்று தோன்றினால் பள்ளியிலேயே இருக்கட்டும், நல்லதுதான்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா. கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி, இவர் இந்தப் பக்கம் வந்து நிற்பார். ஒரு வாரமாவது இருக்கிற மாதிரி வா, அவன் வேதாகமத்தை மறக்காமல் எடுத்து வரச் சொல், மேசையில் அவன் முறையும் வரும். டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடு, விடுமுறையில் கிடைக்காது.

அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து நேரம் தவறாமல் விடு. அத்தை கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரூத்