ஐந்து முனை நட்சத்திரம் சாத்தானுடையதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த 'வீட்டில் வைக்கக் கூடாத சின்னங்கள்' கட்டுரையைப் படித்தேன். ஐந்து முனை நட்சத்திரம் தொன்றுதொட்டே சாத்தான் வழிபாட்டின் அடையாளம் என்றும், தலைகீழாக இருந்தால் அந்த வீட்டுக்கே ஆகாது என்றும் அதில் இருந்தது. எங்கள் ஊரில் டிசம்பர் பிறந்தால் வாசலுக்கு வாசல் ஸ்டார் தொங்கும். காற்றில் கயிறு அவிழ்ந்து அது தலைகுப்புறத் தொங்குவதும் உண்டு. இனி ஒவ்வொரு முறையும் ஏணி போட்டு ஏறிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது!

இந்தத் 'தொன்றுதொட்டு' என்ற சொல்தான் இடிக்கிறது. எகிப்தில் சக்காராவில் உள்ள உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் கல்லறை அறையின் கூரை முழுக்க ஐந்து முனை நட்சத்திரங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு வயது 4,300 ஆண்டுகளுக்கு மேல். இறந்த மன்னன் விண்மீன்களோடு சேர்கிறான் என்பது அவர்கள் நம்பிக்கை. கிரேக்கத்தில் பித்தகோரஸைப் பின்பற்றியவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளவும் நலம் வாழ்த்தவும் இதே வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். இவற்றில் சாத்தான் எங்கே வந்தான்?

பிற்கால ஐரோப்பாவில் கதை உங்கள் கட்டுரைக்கு நேர்மாறு. ஜெர்மனியில் கெட்ட ஆவி உள்ளே வராமல் இருக்க வாசற்படியிலும் தொட்டிலிலும் இந்த நட்சத்திரத்தைப் போடுகிற வழக்கம் இருந்தது. ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஃபாவுஸ்ட்' நாடகத்தில் ஒரு வேடிக்கையான காட்சி உண்டு. மெஃபிஸ்டோ என்கிற சாத்தான் ஃபாவுஸ்டின் அறைக்குள் வந்துவிடுகிறான். ஆனால் வெளியே போக முடியவில்லை. காரணம், நிலைவாசலில் வரைந்திருந்த ஐந்து முனை நட்சத்திரம். வெளிப்பக்க முனையில் கோடு சரியாகச் சேராமல் கொஞ்சம் இடைவெளி இருந்ததால்தான் அவனால் உள்ளேயே வர முடிந்ததாம். எந்தக் குறியைக் கண்டு சாத்தான் முழித்தானோ, அதையே அவன் முத்திரை என்று உங்கள் கட்டுரை சொல்கிறது.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட 'சர் கவைனும் பச்சை வீரனும்' என்ற ஆங்கிலக் கவிதையில் நாயகனின் கேடயத்தில் இருப்பதும் இதுதான். இயேசுவின் ஐந்து காயங்கள், மரியாளின் ஐந்து மகிழ்ச்சிகள், ஐம்புலன்கள் என்று கவிஞர் அடுக்கிக்கொண்டே போகிறார். பிரான்சில் அமியான் பேராலயத்தின் வடபக்க வட்டச் சன்னலில் இதே வடிவம் தலைகீழாகவே இருக்கிறது. அந்தக் காலத்துப் பாதிரியார்கள் யாரும் அதைப் பார்த்து அலறவில்லை.

அப்புறம் எப்போது மாறியது? 1850களில்தான். குருத்துவப் படிப்பை விட்டுவிட்டு மாந்திரீக நூல்கள் எழுதப் போன எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர், ஒரு முனை மேலே இருந்தால் நன்மை, இரண்டு முனை மேலே இருந்தால் ஆட்டுக்கடாவின் கொம்பு, அதாவது தீமை என்று எழுதிவைத்தார். 1966-இல் அமெரிக்காவில் ஆன்டன் லாவே தொடங்கிய 'சாத்தான் சபை' தலைகீழ் நட்சத்திரத்துக்குள் ஆட்டுத்தலை வரைந்த படத்தைத் தன் முத்திரையாக எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு அது சாத்தானின் சின்னம், மறுக்கவில்லை. ஆனால் நூற்றைம்பது சொச்சம் ஆண்டுக் கதையை ஆதிகாலத்துக்கு இழுத்துக்கொண்டு போவது சரியில்லை. அதே அமெரிக்காவில் ராணுவத்தின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான 'மெடல் ஆஃப் ஹானர்' நட்சத்திரம், லிங்கன் காலம் முதல் இன்றுவரை ஒரு முனை கீழே பார்த்தபடிதான் தொங்குகிறது.

நான் கணக்கு ஆசிரியராக இருந்தவன், இதையும் சொல்லிவிடுகிறேன். பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் நட்சத்திரம் போடுங்கள். ஐந்து முனைக் கோணங்களும் தலா 36 பாகை, கூட்டினால் 180. நடுவில் ஓர் ஐங்கோணம் விழும், அது கீழ்நோக்கி இருக்கும். அதன் மூலைகளை இணைத்தால் உள்ளே இன்னொரு நட்சத்திரம், தலைகீழாக! அதற்குள் மறுபடி நேரானது. இப்படி முடிவில்லாமல் போகும். ஆக, நேர் நட்சத்திரம் போட்ட கையோடு தலைகீழ் நட்சத்திரத்தையும் போட்டாகிவிட்டது. கட்டுரையாளர் எதை அழிக்கச் சொல்வார்?

கொடிகளை எடுத்துக்கொண்டால் சீனாவின் பெரிய நட்சத்திரம் கம்யூனிஸ்ட் கட்சி. கானாவின் கறுப்பு நட்சத்திரம் ஆப்பிரிக்க விடுதலை. கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்கஸ் கார்வி 1919-இல் தொடங்கிய 'பிளாக் ஸ்டார் லைன்' கப்பல் நிறுவனத்தின் நினைவும் அதில் இருக்கிறது. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரின் கொடியில் ஐந்து நட்சத்திரங்கள்: மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். மொராக்கோ கொடியிலோ கோடு கோடாகப் பின்னிய அதே பச்சை நட்சத்திரம் 1915 முதல் இருக்கிறது. அது இஸ்லாமிய நாடு, அரசரே சமயத் தலைவரும்கூட. நம் ஊரில் இன்ஸ்பெக்டரின் தோளில் மூன்று, சுவரெழுத்தில் சுத்தியல் அரிவாளோடு ஒன்று, ஃப்ரிட்ஜில் மின்சாரச் சிக்கனத்துக்கு ஐந்து.

கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஐந்து முனைதான் என்று பைபிளிலும் இல்லை. மத்தேயு நட்சத்திரத்தைச் சொல்கிறார், முனைக் கணக்குச் சொல்லவில்லை. பெத்லகேம் பிறப்பிடக் கோயிலில் பதித்திருக்கும் வெள்ளி நட்சத்திரத்துக்குப் பதினான்கு முனை. எங்கள் பக்கம் ஐந்து முனை பரவியதற்குக் காரணம், மூங்கில் குச்சி கட்டிக் காகிதம் ஒட்ட அது சுலபம் என்பதாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. எச்சரிக்கைக் கட்டுரைக்கு நீங்கள் போட்டிருந்த படத்தில் முனைகளை எண்ணிப் பார்த்தேன், ஆறு. இரண்டு முக்கோணங்கள் பின்னிய ஆறு முனை நட்சத்திரம் அது, முருகனுக்கு உரிய சடாட்சரச் சக்கரத்தில் இருப்பது. அடுத்த இதழில் படத்துக்காவது ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்,
நாகர்கோவில்.