மெனு பார்த்தோம் மக்களே

மக்களே,

நீ அனுப்பிய மெனு அட்டையை உன் அம்மை கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்க வாசித்தாள். பன்னிரண்டு பதார்த்தம். சென்னையில் நீ சமைக்கிற அவ்வளவு பெரிய ரெஸ்டாரண்டில் நம்ம எரிசேரியும் ஓலனும் இடம் பிடித்திருக்கிறதே! தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். அதற்கு அப்புறம் உன் போன்தான் வரவில்லை. சரி, வேலை இருக்கும்.

கல்யாணத்துக்குச் சமைக்கிற தவசுப்பிள்ளை என்ற முறையில் சொல்கிறேன். எரிசேரி, ஓலன், புளிசேரி மூன்றையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறாய். மூன்றிலும் தேங்காய், நாக்கு மந்தமாகிவிடும். நடுவில் இஞ்சிப் பச்சடி வை. பாயசத்தோடு முடிக்காதே, நம்ம பந்தி மாதிரி கடைசியில் கொஞ்சம் ரசமோ சம்பார மோரோ கொடு. அப்புறம், மே மாதத்துக்கு வஞ்சிரம் போட்டிருக்கிறாயே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உங்கள் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. வள்ளத்தில் வருவது கொஞ்சம்தான், விலை கையைக் கடிக்கும்.

ராத்திரி என்ன சாப்பிடுகிறாய்?

பன்னிரண்டில் எட்டு, ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுப்பேறும். எட்டுக்கும் கடைசியில் உன் கை பட வேண்டும் என்று சித்தியிடம் சொன்னாயாமே. உன்னைப் பார்த்துவிட்டு வந்த சித்தி, நான் கேட்டதற்கு "நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள் அப்படிப் பேசுகிறவளா?

ஐந்நூறு இலைக் கல்யாணத்துக்கு நான் இஞ்சியும் நார்த்தங்காயும் முந்தின நாளே முடித்துவிடுவேன். பந்தி உட்காரும் நேரம் பப்படம் மட்டும்தான் பொரியும். கூட வேலை செய்கிறவர்கள் அதற்கு முன்பே சாப்பிட்டிருப்பார்கள். நீயும் நாலு பதார்த்தத்தையாவது முன்கூட்டிச் செய்து வைக்கிற மாதிரி மாற்று. சூடானது ஒன்று, ஆறியது ஒன்று என்று மாறி மாறிப் போனால் அடுப்பில் நிற்கிறவர் மூச்சு விடலாம். மற்றவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவள் நீ. உனக்கென்று வரும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறாய்?

நேரத்துக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே ருசி பார்ப்பது சாப்பாடு ஆகாது.

திங்கட்கிழமை லீவு என்றாயே. ஞாயிறு சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது வந்துவிடுவேன். அரிசி, தேங்காய் எல்லாம் நானே கொண்டுவருகிறேன். உன் வீட்டில் கேஸ் இருக்கிறதா என்று மட்டும் சொல்.

அப்பா