செவிலியர் சங்கம், சென்னைக் கிளை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மே 12 செவிலியர் தின விழா வழக்கம்போல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மற்றபடி ஆண்டு முழுக்க ஒரே வேலைதான்: வார்டு ஆள் பற்றாக்குறை பற்றிய மனுக்களைக் கோட்டையில் கோப்பாக நகரும்படி எழுத வைப்பது.

உறுப்பினர்கள் அனுப்பிய வரைவுகள் பலவற்றில் ஒரே ஓட்டை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வார்டுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் சொல்வது 1:3, அதாவது மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர். அதை ஒரு ஷிப்டுக்கான விகிதமாக எழுதிவிடுகிறார்கள். அது மூன்று ஷிப்டுக்கும் சேர்த்த கணக்கு, ஷிப்டுக்கு 1:9தான். அதோடு விடுப்பில் போவோருக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல் ஆள். ஆக, 36 படுக்கை வார்டுக்கு 12 பேர், விடுப்புக்கு 3.6, மொத்தம் 15.6, அதாவது 16. 1:3-ஐ ஒவ்வொரு ஷிப்டுக்கும் போட்டு நாற்பத்தேழு பேர் வேண்டும் என்று எழுதினால் பிரிவு அலுவலரின் மேசையிலேயே கோப்பு மூடப்படும். 16 கேட்டு, பக்கத்தில் இப்போது இருப்போர் எண்ணிக்கையைப் போட்டால் நிதித்துறை வரை போக வழியுண்டு. (நைட் டியூட்டியில் 1:9 கூட எங்கே கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.)

ஒப்பளிக்கப்பட்ட படுக்கையை மட்டும் காட்டினால், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் கணக்கிலேயே வரமாட்டார். நள்ளிரவு சென்சஸை (அந்த நேரத்தில் வார்டில் இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையை) 30 நாளுக்கு எடுத்து, சராசரியைத் தனி வரியில் காட்டுங்கள். சென்சஸ் புத்தகத்தைப் போனில் படமெடுத்து இணைக்க வேண்டாம். நோயாளி பெயர் வெளியே போனால் மெமோதான் வரும். மனுவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

காலியிட விவரத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, ‘ஒப்பளிக்கப்பட்ட, நிரப்பப்பட்ட, காலியான பணியிடங்களின் பதிவேட்டு நகல்’ என்று கேளுங்கள். ‘ஏன் நிரப்பவில்லை’ என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

காலமும் முக்கியம். மானியக் கோரிக்கை விவாதத்தின்போது (துறைவாரி நிதி ஒதுக்கீடு பற்றிய சட்டமன்ற விவாதம்) சட்டமன்ற உறுப்பினரைத் தேடி ஓடுவது நம் பழைய பழக்கம். அதற்குள் பணம் ஒதுக்கி முடிந்திருக்கும். மனு செப்டம்பருக்குள் இயக்குநரகத்தில் இருக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினருக்கு அவர் தொகுதி மருத்துவமனைக் கணக்கு மட்டும், ஒரே பக்கத்தில். அரசுப் பணியில் இருப்போர் சொந்த இடமாறுதலுக்காக அவரைப் பார்க்கப் போவது நடத்தை விதிகளில் மாட்டும்; சங்கத்தின் பெயரில், ஓய்வுபெற்ற உறுப்பினர்களே போகட்டும்.

தனியார் மருத்துவமனைச் சம்பளம் பற்றி: 2016 ஜனவரி 29 உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி அமைந்த மத்தியக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது; 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்கு இணை. ஆனால் அது பரிந்துரை. மாநில அரசு ஆணையிடாமல் எந்த நிர்வாகத்தையும் அது கட்டாது. ‘தீர்ப்பை மீறுகிறார்கள்’ என்று எழுதினால் நம் வாதமே ஆட்டம் காணும். ‘பரிந்துரையை நடைமுறைப்படுத்த அரசாணை வெளியிடுக’ என்று சுகாதாரத் துறைக்கும், நகல் தொழிலாளர் துறைக்கும் அனுப்புவதே சரி.

வார்டுவாரிக் கணக்குப் படிவம் இன்று வாசலில் கிடைக்கும். நிரப்பி ஜூலை இறுதிக்குள் இணைச் செயலாளரிடம் தர வேண்டுகிறேன்.

செயலாளர்