மனைவியிடம்கூடச் சொல்லாதீர்கள்!

ஆசிரியருக்கு வணக்கம்.

கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிறவன் நான். வாரம் ஒரு மின்னஞ்சலாவது வந்துவிடுகிறது: வாரிசு இல்லாமல் செத்துப்போன வெளிநாட்டுப் பணக்காரர், வங்கியில் தூங்கும் கோடிகள், அதில் 40 சதவீதம் எனக்கு. போன மாதம் எழுதியவர் லண்டன் வங்கி அதிகாரியாம். பதில் போடச் சொன்ன முகவரியோ சாதாரண ஜிமெயில். ‘உங்களை நம்பித்தான் இறங்குகிறேன், மனைவியிடம்கூடச் சொல்லாதீர்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்’ என்று வேறு. நாம் யாரிடமும் கேட்டுவிடக் கூடாது, அதற்குத்தான் இந்த ரகசியமும் அவசரமும். என் மனைவியிடம் காட்டினேன், சிரித்துவிட்டாள்.

நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவை வைத்து ‘419 மோசடி’ என்று இதற்குப் பெயர். கதை இவ்வளவு அபத்தமாக இருப்பதும் கணக்கோடுதான் என்று 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஒருவர் எழுதினார்: விவரமானவர்கள் முதலிலேயே விலகிவிடுவார்கள், மிஞ்சுகிறவர்களிடம் மட்டும் மெனக்கெட்டால் போதும். பிறகு பத்திரச் செலவு, வரி என்று சிறுகச் சிறுகக் கறப்பார்கள். கட்டியதை விட மனமில்லாமல் மேலும் கட்டுவோம்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே கூப்பிட்டால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. அந்த எண்ணைத் தினமும் முதல் பக்க மூலையில் நீங்கள் போடலாமே?

– ஒரு வாசகர், கரூர்