ஹாலேவும் எங்கள் ஊர்க் கடுதாசிப் பட்டறையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் பழைய ஊர்களுக்குக் குழுவாக ஒருநாள் போய்வருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரோத்தன்பர்க், பாம்பெர்க், ஹைடல்பர்க் என்று நல்ல ஊர்களாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் தமிழர்கள் சேர்ந்து கிளம்பினால் முதலில் போக வேண்டிய ஊர் ஹாலே. அது அந்தப் பட்டியலில் இல்லையே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

நான் பொறையாரில் பிறந்தவள். எங்கள் ஊரில் கடுதாசிப் பட்டறை என்று ஓர் இடம் உண்டு. சின்ன வயதில் அந்தப் பெயரை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஏன் அப்படிப் பெயர் வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதற்கான பதில் போன வருடம் ஹாலேயில் கிடைத்தது.

லைப்சிக்கிலிருந்து பதினான்கு பேர் ரயிலில் போனோம். முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நிலையத்திலிருந்து பிராங்கே நிறுவனங்களின் வளாகத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே என்ற பாதிரியார் 1698-ல் அனாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இடம் அது. அவரிடம் படித்த சீகன்பால்க் என்ற மதபோதகர்தான் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். வந்த இரண்டே வருடத்தில் 119 தமிழ் நூல்களுக்குப் பட்டியல் எழுதிவிட்டார்.

அனாதை இல்லக் கட்டடத்தின் கூரைக்கடியில், உச்சி மாடியில், பழைய காட்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. படியேறி மூச்சு வாங்கத்தான் செய்யும். உள்ளே வண்ணம் தீட்டிய மர அலமாரிகளில் சுமார் மூவாயிரம் பொருட்கள்; 1741-ல் அடுக்கிவைத்த முறையிலேயே இன்றும் இருக்கின்றன. அங்கே மலபார் என்ற சொல்லைக் கேட்டதும் எங்களோடு வந்த ஒரு பையன், "அது கேரளாதானே அத்தை?" என்றான். அந்தக் காலத்தில் ஐரோப்பியர்கள் தமிழையும் தமிழரையும் அப்படித்தான் அழைத்தார்கள் என்று விளக்கினேன்.

தோழியின் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். எழுபது வயது. ஓலைச்சுவடி இருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்றவர், அப்புறம் நகரவே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கப் பார்த்தார். புள்ளியும் கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. "க தெரியுது, ய தெரியுது... யாரு எழுதினதோ, கை கொஞ்சமும் நடுங்கலை பாரேன்" என்றார். அவர் குரல்தான் நடுங்கியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கடுதாசிப் பட்டறைக்கு வருகிறேன். தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் அச்செழுத்துகளை முதலில் ஹாலேயில் வார்த்து, 1713-ல் கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். அவை அளவில் பெரியவை. ஒரு பக்கத்தில் நாலு வரி சேர்வதற்குள் காகிதம் தீர்ந்துபோகும். அந்தக் காகிதமும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்துக்கொண்டு, பக்கத்தில் பொறையாரில் காகிதம் செய்யவும் ஒரு பட்டறை போட்டார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. வழிகாட்டி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் தெருவே கண்முன் வந்து நின்றது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அதற்கு முந்தைய வருடம் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் ஒரே நாளில் மூன்று ஊர் போனோம். ரோத்தன்பர்க்கில் கிடைத்தது நாற்பது நிமிடம். அதில் பாதி கழிப்பறை வரிசையில் போயிற்று. கோட்டைச்சுவர் மேல் நடக்க ஆசைப்பட்ட பிள்ளைகள் அழுதுகொண்டே பேருந்தில் ஏறினார்கள். ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும். தயவுசெய்து இதை உங்கள் இதழில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

ஹாலேயில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: இசைமேதை ஹேண்டல் 1685-ல் பிறந்தது இங்கேதான், சந்தைத் திடலில் அவர் சிலை நிற்கிறது. அதே திடலில் நான்கு கோபுரத் தேவாலயமும் தனியாக நிற்கும் செங்கோபுரமும் உண்டு. பிள்ளைகளுக்கு, 1804 முதல் நடக்கும் சாக்லேட் தொழிற்சாலை.

ஹாலே பற்றி விரிவான கட்டுரை ஒன்று நீங்கள் வெளியிட வேண்டும். ஜெர்மனியில் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டிவிட்டு அழைத்துப்போகலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. வரும் கோடையில் என் அப்பா பொறையாரிலிருந்து வருகிறார். அவரை அந்த மாடிக்கு அழைத்துப்போக இப்போதே நாள் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லைப்சிக், ஜெர்மனி